அறுபத்தேழில் ஒன்று

போன புதன்கிழமை உன் வீட்டுக்காரர் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்து, நம் நீள நோட்டை என்னிடம் கொடுத்தார். “அவ சாமானெல்லாம் எடுத்து வச்சிக்கினு இருந்தேம்மா. இது உங்க ரெண்டு பேருதுன்னு தோணுச்சு,” என்றார். வாங்கியதுமே ஸ்பிரிட் வாசனை அடித்தது. டயாலிசிஸ் அறையின் வாசனை. இரண்டு வருடமாகியும் அந்தக் காகிதத்தை விட்டுப் போகவில்லை.

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. கணக்கில் நீ முதல், நான் இரண்டாவது; மூன்று வருடமும் அது மாறவில்லை. நீ கணக்கு டீச்சரானாய், நான் தபால் ஆபீசுக்குப் போனேன். உன் சிறுநீரகம் கெட்ட பிறகு சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்கு வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். நான்கு மணி நேரம். உன் இடது கை மெஷினோடு கட்டுண்டிருக்கும்.

“இந்தக் கை சும்மாதானே கெடக்குது. முடியவே முடியாத கணக்கா ஒண்ணு போடலாம் வாடி,” என்று ஒருநாள் வலது கையை ஆட்டினாய்.

அப்படித்தான் பை வந்தது, வட்டக் கணக்கில் வரும் அந்த முடிவில்லாத எண். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி. இப்படியே போனால் பையின் கால் பங்கை நெருங்கலாம். ஆனால் நத்தை வேகம். ஐரோப்பாக்காரர்களுக்கு முன்பே கேரளத்தில் இதைக் கண்டவர்கள், எந்த இடத்தில் நிறுத்தினாலும் மிச்சத்தை ஏறக்குறைய ஈடுகட்ட ஒரு திருத்தத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். வரிக்கு ஒரு பின்னமாக ஐம்பது வரி போட்டு, அந்தத் திருத்தத்தைச் சேர்த்து நான்கால் பெருக்கினால் எட்டு தசமம் சரியாக வரும். அந்த நீள நோட்டில் கூட்டல் வரிகள் உனக்கு, கழித்தல் வரிகள் எனக்கு. கால்குலேட்டர் கூடாது.

கடைசி வரியும் முடிந்த அன்று, 3.141592 வர வேண்டிய இடத்தில் 3.141591 வந்தது.

“என்னுதுதான் தப்பா இருக்கும். பாதி மயக்கத்துல எழுதினது,” என்றாய்.

என் பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் வீட்டில் சரிபார்த்தபோது கிடைத்துவிட்டது. அறுபத்தேழில் ஒன்று. 0.0149253731 என்பதை 0.0149257331 என்று எழுதியிருந்தேன். மூன்றும் ஏழும் இடம் மாறியிருந்தன.

சொல்லிவிடத்தான் அடுத்த சனிக்கிழமை வந்தேன். நீ அதற்குள் உன் வரிகளை மறுபடி வகுக்கத் தொடங்கியிருந்தாய். அதைப் பார்த்து எனக்குள் ஏதோ ஒன்று சந்தோஷப்பட்டது. முதல் தடவையாக, தப்பைத் தேடுகிறவள் நீ. ஒரு வாரம் இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

அன்றுதான் ஓர் இங்கிலாந்துக்காரரைப் பற்றிச் சொன்னாய். தொடர்களை வைத்துக் கையாலேயே பைக்கு எழுநூறு இலக்கங்களுக்கு மேல் கண்டவர். ஐந்நூற்று இருபத்தெட்டாவது இலக்கத்தில் பிசகிவிட்டார். அவர் செத்து அறுபது வருடம் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

“பாவம், அவருக்குச் சொல்ல ஆளே இல்ல,” என்றாய்.

நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் ஐந்து வாரமானது. பங்குனி உத்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் உன் இதயம் நின்றுவிட்டது.

உன் வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே நோட்டைப் பிரித்தேன். உன் இருபத்தைந்து வரிகளிலும் டிக் போட்டிருந்தாய். நீல மையில் ஒரு தடவை, சிவப்பில் ஒரு தடவை, பென்சிலில் ஒரு தடவை. கடைசிப் பென்சில் கோடுகள் நடுங்கியிருந்தன. என் பக்கத்தில் ஒரு டிக் கூட இல்லை.

“தப்பு என்னுதுண்ணா,” என்று அவரிடம் சொல்லிவிட்டேன். “அவளுதில்ல. எனக்கு அப்பவே தெரியும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நான்கூட கேட்டேம்மா, அவங்க எழுதினதையும் ஒரு தபா பாரேன்னு. ‘அவ தப்பு பண்ணமாட்டா’ன்னு சொல்லிட்டா.” நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, “பரவால்ல, வுடுங்க,” என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வரிகளையும் புதிதாகப் போட்டேன். உன் வரிகள் எல்லாமே சரி. 3.14159265 வந்தது. எதிரில் யாரும் இல்லை.

வேலைக்குப் போகும் பஸ் தினமும் அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. ‘தப்பு என்னுதுடி.’ இரண்டே சொல்தான். அங்கே பஸ் நிற்கும்போதெல்லாம் தொண்டை வரைக்கும் வருகின்றன. கண்டக்டர் விசில் ஊதுகிறார், விழுங்கிக்கொள்கிறேன்.