பருத்திக் கிட்டங்கியில் மூன்று குடும்பம்

ஐப்பசி, சனி இரவு.

வைகை வெள்ளத்தில் வீடிழந்த மூன்று குடும்பங்களை வேதக்கோயில்காரர்கள் இன்று என் வீட்டை ஒட்டி, பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குக் கூட்டிவந்தார்கள். இதுவரை கோயிலுக்குள்தான் தங்கியிருந்தார்கள்; நாளை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அங்கே இடம் வேண்டுமாம். இருட்டியதும் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் சிரித்தன. வீட்டுக்காரி செத்த பிறகு இங்கே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பத்து நாள்ல காலி பண்ணிருவோம், அண்ணே" என்றார், அவர்களைப் பார்த்துவிட்டுப் போக வந்த வேதக்கோயில் உபதேசியார்.

"யாருய்யா போகச் சொன்னது? பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்."

"அம்புட்டு நாளா? வாடகை எம்புட்டு கேப்பீக?"

"வாடகைக்குப் பதிலா அவங்க என் வீட்டு அடுப்புல சோறு பொங்கட்டும்."

"எங்க ஆளுக பொங்குனா நீங்க சாப்பிடுவீகளாக்கும்? உங்க சாதிசனம் சும்மா விடுமா?"

"திங்கிறவன் நான். அவங்களுக்கு என்னய்யா?"

பேசி முடித்தது: வாடகை கிடையாது, பொங்கல்வரை தங்கலாம், தினமும் அந்தக் குழந்தைகளோடு பந்தியில் எனக்கும் ஓர் இலை.