அங்கவடி தொடாதவர்

மெக்சிகோ நகரம்
20 மே 1822

அன்புத் தம்பி ஹசிந்தோவுக்கு அக்கா பெட்ரோனிலாவின் ஆசிகள். நாங்கள் நலம். நீயும் உன் குதிரைகளும் சுகம்தானே?

எனக்கு இன்னும் தலை சுற்றுகிறது. முந்தாநாள் அந்தி சாய்ந்த நேரம் சாக்லேட் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தெருவில் சிப்பாய்கள் ஒரே கூச்சல். "சக்கரவர்த்தி வாழ்க!" எந்தச் சக்கரவர்த்தி என்று எட்டிப் பார்த்தால், நம் ஜெனரல்! உன் அத்தான் எவாரிஸ்தோ பத்து வருஷமாக எவர் பின்னால் குதிரை ஓட்டுகிறாரோ அவரேதான். போன வருஷம் விடுதலை வாங்கித் தந்தார், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக ஒரே ராத்திரியில் மகுடமா?

அத்தானைக் கேட்டேன். "ஏங்க, நம்ம அடுப்படியில உக்காந்து சோள ரொட்டி தின்ன மனுஷன். இனிமே கையில முத்தம் குடுத்துட்டுத்தான் பேசணுமாமே?"

"மண்டி போட்டுக் குடுக்கணும்" என்றார். அவர் முகமும் பேயறைந்த மாதிரிதான் இருந்தது.

அவரை அரண்மனை லாயத்துக்குத் தலைவராக்கிவிட்டார்கள். சரிகைச் சட்டை போட்டால் கை மேலே எழும்பவில்லை. எங்கள் கல்யாணத்தன்று கோயில் வாசலில் அங்கவடியில் கால் வைக்காமலே ஒரே தாவலில் குதிரை ஏறினாரே, நினைவிருக்கிறதா? நீ "எவாரிஸ்தோடா!" என்று கத்திய கத்தலில் பாதிரியார் தீர்த்தச் செம்பைக் கீழே போட்டாரே! இனி அப்படி ஏறுவது மரியாதை இல்லையாம். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிடுகிறார்கள்.

உன் அக்கா,
பெட்ரோனிலா

---

சான் தெல்மோ துறை
17 ஜூன் 1822

அரண்மனை லாயத்துச் சீமாட்டியின் சமூகத்துக்கு, கடற்கரைக் குதிரைக்காரன் மண்டியிட்டு எழுதுவது.

கோபிக்காதே அக்கா. உன் கடிதத்தைத் துறையில் வைத்து உரக்கப் படித்தேன். ஒருவரும் நம்பவில்லை. மீன்காரி ஒருத்தி, "ராஜா வேணாம்னுதானேய்யா இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டீங்க? இப்ப இன்னொருத்தரு எதுக்கு?" என்றாள். இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

அத்தானை இரண்டு பேர் தூக்கி ஏற்றுகிறார்களா? கேட்கவே கூசுகிறது. நல்ல ஏற்றத்தைக் கண்டால் ஏறியவன் பேரைச் சொல்லிக் கத்துவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. வாயை மூடிக்கொண்டு நிற்பவன் இந்தக் கரையில் பிறந்தவனே இல்லை. அத்தானை ஒருமுறை இங்கே அனுப்பு. தொண்டை கிழியக் கத்துகிறேன்.

உன் தம்பி,
ஹசிந்தோ

---

மெக்சிகோ நகரம்
2 ஏப்ரல் 1823

அன்புத் தம்பிக்கு,

எல்லாம் போயிற்று. மகுடம் சூட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சக்கரவர்த்தி காங்கிரஸ் சட்டசபையைக் கலைத்தார், பேசினவர்களைச் சிறையில் போட்டார், கூட இருந்த தளபதிகளே படையோடு அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டார். "அரண்மனைக்குப் பேனா விற்பவர்" என்று பலகை மாட்டியிருந்த எதிர்வீட்டுக்காரர், ஏணி போட்டு அதே பலகையைச் சுரண்டுகிறார். வாழ்க என்று கத்திய அதே தெருவா இது?

சக்கரவர்த்தியைக் குடும்பத்தோடு நாடு கடத்துகிறார்கள். உன் அத்தானும் கூடப் போகிறார். "வயித்துல புள்ளையோட நிக்கிறேனே, என்னை விட்டுட்டு எங்க போறீங்க?" என்று அழுதேன். "மகுடம் வச்சிருந்தப்ப கூட இருந்தவன், இப்ப ஓடினா நான் மனுஷனா, பெட்ரோனிலா?" என்றார்.

குழந்தை எழுந்து நிற்பதற்குள் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

உன் அக்கா

---

சான் தெல்மோ துறை
10 செப்டம்பர் 1823

அன்பு அக்காவுக்கு,

பெண் குழந்தை என்று அறிந்து ஊருக்கே விருந்து வைத்தேன். சிவப்புக் குதிரை குட்டி போட்டிருக்கிறது. குட்டியை மருமகளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். அத்தான் வந்து பழக்கட்டும். அதுவரை ஒருவனையும் அதன் முதுகில் ஏற விடமாட்டேன். அழுதுகொண்டே இருக்காதே, பால் வற்றிவிடும்.

ஹசிந்தோ

---

மெக்சிகோ நகரம்
1 ஜூலை 1824

தம்பி, இதைத் துறையில் வைத்து உரக்கப் படித்துவிடாதே. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

சக்கரவர்த்தி மறுபடி இந்த மண்ணில் கால் வைத்தால் துரோகி, விசாரணையே இல்லாமல் கொல்லலாம் என்று காங்கிரஸ் சட்டம் போட்டிருக்கிறது. அவருக்குத் துணை போகிறவர்களும் துரோகிகள். கேள்விப்பட்ட அன்றே, அவர்கள் தங்கியிருந்த லண்டனுக்கு எழுதினேன். ஆனால் இன்று உன் அத்தானின் கடிதம் வந்திருக்கிறது, மே மாதம் எழுதியது. கப்பல் ஏறிவிட்டார்களாம்! நாடு தன்னை அழைக்கிறது என்று சக்கரவர்த்தி நம்புகிறாராம். உன் கரையில்தான் இறங்கப் போகிறார்கள். "உன் தம்பிகிட்ட நல்ல குதிரை இருக்கும்" என்று எழுதியிருக்கிறார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஹசிந்தோ.

உன் அத்தான் முன்னால் வந்து நின்றாலும் தெரியாதவன் போல் இரு. தனியாகப் பார்த்து, வந்த படகிலேயே திருப்பி அனுப்பிவிடு. உன் வாய்க்கு நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். இந்த ஒரு தடவை அதை அடக்கு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பெட்ரோனிலா

---

சான் தெல்மோ துறை
15 ஜூலை 1824

அக்கா! அக்கா! யார் வந்திருக்கிறார் சொல் பார்க்கலாம்!

உன்னிடமிருந்து கடிதம் வந்து மாதங்களாகிறது. இந்தச் செய்திக்காவது உடனே பதில் போடுவாய். காலையில் ஒரு கப்பல் வந்தது. படகில் ஒருவர் இறங்கினார். பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுற்றித் துணி, கண்வரை தொப்பி. குடியேற நிலம் பார்க்க வந்த அந்நியராம், பேச்சும் அப்படித்தான் இருந்தது. நிலங்களைச் சுற்றிப் பார்க்க வாடகைக்குக் குதிரை வேண்டும் என்றார். குட்டியின் தாய், அந்தச் சிவப்புக் குதிரையைக் கொடுத்தேன். அது இன்று என்னையே கடிக்க வந்தது. மனிதர் அதன் கழுத்தில் கையை வைத்தார், காதில் ஏதோ சொன்னார். அப்புறம் அங்கவடியைத் தொடாமல் ஒரே தாவல்! இலை விழுந்த மாதிரி சேணத்தில் போய் உட்கார்ந்தார்.

இப்படி ஏற உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். நான் கத்தினேன். "அடேய், எவாரிஸ்தோடா! எங்க அத்தான்டா!" துறை முழுக்கக் கைதட்டியது. அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வா என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, அந்தச் சந்தோஷத்தில் எனக்கு எங்கே விளங்கியது?

காவல் அதிகாரியும் அங்கேதான் நின்றார். நல்ல மனிதர். "உங்க அத்தான் அந்தப் பழைய சக்கரவர்த்தியோட போனவர்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் மலைப் பக்கம் போய்விட்ட அத்தானை மரியாதையாக அழைத்து வர ஆள் அனுப்புகிறாராம். இங்கே ஆட்டுக்குட்டி வெந்துகொண்டிருக்கிறது. மருமகளிடம் சொல், அப்பா வந்துவிட்டார்.

ஹசிந்தோ

---

சான் தெல்மோ துறை
23 ஜூலை 1824

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. ஆற்றில் வெள்ளமாம், தபால் கொண்டுவரும் கழுதைக்காரன் அக்கரையிலேயே காத்துக் கிடந்தானாம்.

சிப்பாய்கள் வருவதை அத்தான் பார்த்துவிட்டார். பின்னால் மலை இருந்தது, கீழே என் குதிரை இருந்தது. போயிருந்தால் ஒருவனாலும் பிடித்திருக்க முடியாது. அவரோ குதிரையைக் கடல் பக்கம் திருப்பினார், கப்பலை எச்சரிக்க. மணலில் சுட்டுவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் உயிர் இல்லை. கப்பலில் இருந்த சக்கரவர்த்தி அது தெரியாமலே கரைக்கு வந்தார். பத்தொன்பதாம் தேதி அவரையும் சுட்டார்கள். அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது என்றாராம்.

நான் கத்தியதால்தான், அக்கா. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஹசிந்தோ

---

மெக்சிகோ நகரம்
30 ஆகஸ்ட் 1824

ஹசிந்தோவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக வந்தன. சக்கரவர்த்தி செத்த செய்தி முன்பே தெரியும். உன் அத்தானைப் பற்றி யாரும் சொல்லாததால் தப்பியிருப்பார் என்றே இருந்தேன். முதல் கடிதத்தில் "நான் கத்தினேன்" என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்ததைப் பிரிக்காமலே தெரிந்துவிட்டது.

உன்மேல் குற்றமில்லை. என் கடிதம் உனக்கு வந்து சேரவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்தக் கத்தல் காதில் விழுகிறது. அதனால் இனி எழுதாதே. குதிரைக்குட்டியை யாருக்காவது கொடுத்துவிடு.

அந்தச் சந்தோஷக் கடிதத்தை அடுப்பில் போடப் பலமுறை எடுத்தேன், முடியவில்லை. மகள் இப்போது எழுந்து நிற்கிறாள். நாளைக்கு அப்பா எப்படி இருப்பார் என்று கேட்டால், படித்துக் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை. கழுத்தில் கையை வைத்தார், காதில் ஏதோ சொன்னார், ஒரே தாவலில் போய் உட்கார்ந்தார் என்பது வரை படிப்பேன். நீ கத்துவதற்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

பெட்ரோனிலா