காரைச் சாய்த்தது நீ இல்லை, செண்பகம்

என் அன்புச் செண்பகத்துக்கு,

ஊர் கேட்க உன்னைக் கேலி செய்தவன் நான். அதனால் இந்தக் கடிதத்தையும் ஊர் படிக்கவே எழுதுகிறேன். நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. நம் பழைய கார் இடது பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் நீ இல்லை என்பது போன சனிக்கிழமைதான் தெரிந்தது. அன்றிலிருந்து வருகிற கோபத்தை யார் மேல் காட்டுவது என்று புரியாமல், முதலில் என் மேலேயே காட்டிக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதியவனுக்கு எதுவுமே ஒரே தடவையில் விளங்குவதில்லை.

நினைவிருக்கிறதா? கூமாப்பட்டியில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது, ஒவ்வொரு வேகத்தடையிலும் சொன்னாய். "பவி அப்பா, என் காலுக்குக் கீழ டொக்குனு கேக்குது. வண்டியும் இந்தப் பக்கமாச் சாயுது. செத்த நிறுத்திப் பாருங்க." நான் நிறுத்தவில்லை.

மறுநாள் நம் மகள் பவி பக்கத்தில் நிற்க, ராஜபாளையத்தில் நம் மெக்கானிக் சேகரிடம் சொன்னபோது அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. மதினி கனத்துக்கு, அந்தப் பக்கமே உக்காந்து உக்காந்து வண்டி சாஞ்சு பழகிருச்சு" என்றான். அவனைவிடச் சத்தமாகச் சிரித்தவன் நான். டீக்கடை, மில் வாசல், கல்யாணப் பந்தி என்று போன இடமெல்லாம் அதைச் சொன்னேன். அடுத்த முறை கூமாப்பட்டிக்குப் போனபோது, அத்தனை சொந்தக்காரர்கள் கூடியிருக்க, உன் முன்னாலேயே சொன்னேன்.

திரும்பி வரும்போது நீ முன் சீட்டை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாய். கடைசிவரை அதுதான் உன் இடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் ஒரு ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டாய். நீ வலது பக்கம் மாறிய பிறகும் கார் இடது பக்கம்தானே சாய்ந்தது? என் கண் எங்கே போயிருந்தது? நீயாவது என் மண்டையில் ஒரு குட்டு வைத்திருக்கக் கூடாதா?

இப்போது பவிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் நம் காரை அவளே ஓட்டிக்கொண்டு போகிறாள், கூட இரண்டு டீச்சர்கள். போன வாரம் வந்து, "அப்பா, முன்னாடி எடது பக்கம் டொக்குங்குது. வண்டியத் திருப்பும்போதும் கேக்குது" என்றாள். சனிக்கிழமை சேகரிடம் போனோம்.

"பாப்பா, வேகத்தடையில மெதுவா ஏத்துனா கேக்காது. பொம்பளப் புள்ளைக பிரேக்க டபக்குனு அடிக்கும், அதான்" என்றான்.

பழக்கதோஷம், என் வாய் சிரிக்கத் திறந்துவிட்டது. பவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மாவும் இதத்தானப்பா சொன்னா. அன்னைக்கும் நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் சிரிச்சீக."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கைப்பையிலிருந்து உன் தையல் டேப்பை எடுத்தாள். சமமான தரையில் காரை நிறுத்தி, மட்கார்டு விளிம்பிலிருந்து தரைவரை இரண்டு பக்கமும் அளந்தாள். இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. காருக்குள் ஒருத்தரும் இல்லை. இனி யார் மேல் பழி போடுவது?

"ஏலே, பேசாம வீலைக் கழட்டுலே!" என்று கத்தினேன். இத்தனை வருஷத்தில் அவன் என் சத்தத்தை இப்படிக் கேட்டதில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்தான். சுருள் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்து, அதன் முனை டயரிலிருந்து ஒரு விரல் தூரத்தில் கத்தி மாதிரி நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஓடும்போதே டயரைக் கிழித்திருக்கும். உள்ளே நம் பிள்ளை இருந்திருப்பாள்.

"இப்பத்தான் ஒடஞ்சிருக்கும் அண்ணாச்சி."

"இப்ப ஒடஞ்சா அந்த எடம் பளபளன்னுல்ல இருக்கணும்? இது என்னலே?"

உடைந்த இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினேன். புளியங்கொட்டை நிறத்தில் துரு அப்பிக் கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் ஏறிய துரு இல்லை அது. சேகர் டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். நீ இருக்கும்போதே உடைந்திருக்கிறது, செண்பகம். உன் காலுக்குக் கீழேதான்.

அப்புறமும் அவனுக்குப் புத்தி வரவில்லை. "இந்த ஒண்ண மட்டும் மாத்திருவோமா?" என்றான். "ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா மறுபடியும் சாயும். நீ மறுபடியும் எவளாவது ஒருத்தி மேல பழியப் போடுவ. ரெண்டையும் மாத்து" என்றேன். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கைக் கிளாம்பு போட்டு இரு பக்கமும் சமமாக இறுக்கி, அடக்கிக் கழற்றினான். அமுங்கி இருக்கிற ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடுமாம். இரண்டும் மாட்டிய பிறகு பவி மறுபடி அளந்தாள். நூல் பிசகவில்லை.

கிளம்பும்போது சேகர், "மதினிகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்..." என்று இழுத்தான். "லேட்டுலே" என்றேன். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

உடைந்த ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போடவில்லை. டிக்கியில் இருக்கிறது. வருகிற ஞாயிறு உன் தங்கச்சி பேரனுக்குக் காது குத்து. அன்று சிரித்த அத்தனை பேரும் வருவார்கள். எல்லார் நடுவிலும் அதை வைத்து, "வண்டிக்கு இருந்த கோளாறு இது. எனக்கு இருந்தது வேற" என்று சொல்லப்போகிறேன். யார் சிரித்தாலும் இந்த முறை என்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். பவி ஓட்டுவாள், உன் பழைய முன் சீட்டில் நான் உட்காருவேன். டொக் என்று அவள் காதில் பட்டால், சிரிக்காமல் முதலில் இறங்கிக் குனிந்து பார்ப்பவன் நானாக இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்காக ஒரு தடவைகூடக் காரை நிறுத்தாமல் போன,
உன் பவி அப்பா