காத்தாயி முந்திரி டாட் இன்

உடையார்பாளையம்,
அரியலூர் மாவட்டம்.
14.6.2023

அன்புத் தம்பி கலைமணிக்கு,

அக்கா வெற்றிச்செல்வி எழுதுகிறேன். இங்கு நானும் உன் மாமாவும் மகள் மலர்க்கொடியும் நலம். பெரம்பலூரில் நீயும் உன் கம்ப்யூட்டர் கடையும் நலமே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவுவாய். தாளில் அதற்கு வழியில்லை.

மறைந்த நம் அம்மாவின் பெயரில் முந்திரி விற்க இணையதளம் தொடங்கப்போகிறேன் என்று சித்திரைப் பிறப்பன்று உன்னிடம்தான் முதலில் சொன்னேன். நேற்று பெயரைப் பதியப் போனால், 'காத்தாயி முந்திரி டாட் காம்' ஏற்கெனவே ஒருவருக்கு உரியது என்று காட்டியது. அந்த ஒருவர் நீ என்பதை உன் மனைவி சசிகலாதான் ஒளிக்காமல் சொன்னாள்.

கொட்டையைச் சுட்டு உடைத்தே அம்மாவின் விரல்கள் கருத்தன. அந்தக் கருமை என் விரல்களிலும் உண்டு. உன் விரல்களில் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, படிக்கட்டும் என்று உன்னை அனுப்பியவர்கள் நாங்கள்தாம். ஆனால் பெயர் யாருடையது என்ற பேச்சு வந்தால், விரலைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஆகவே, அதே பெயரை 'டாட் இன்' என்று பதிந்துவிட்டேன். என்னிடம் வாங்குவோர் சென்னையிலும் திருச்சியிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். இந்த நாட்டுக் கடை என்று சொல்லும் பின்னொட்டு எனக்குக் குறைவன்று. உன்னிடம் அனுமதி கேட்க இதை எழுதவில்லை. அறிவிக்கவே எழுதுகிறேன்.

உன்னை இடுப்பில் சுமந்தவள்,
வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
25.6.2023

அக்காவுக்கு,

லெட்டரைப் பாத்துட்டு சசிகலா ஒரே சிரிப்பு. "உங்க அக்கா கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வுட்ருக்காங்க"ன்னா.

நான் ஒண்ணும் திருடலைக்கா. வேற எவனாவது புடிச்சிடுவானேன்னுதான் புடிச்சு வச்சேன். இப்ப சொல்றதைக் கேளு. பேரைச் சொன்னா சனங்க கையி தானா டாட் காம்னுதான் அடிக்கும். நீ டாட் இன்னு வச்சுக்கிட்டு கூகுள்ல பத்தாவது பக்கத்துல கெடப்பே. அதோட, உடையார்பாளையத்துக் கொல்லையில இருக்குற கடையை எவன் நம்புவான்? பெரம்பலூர்னா ஹைவே ஊரு. தலைமை ஆபீஸ் இங்க இருக்கட்டும். நீ பருப்பை அனுப்பு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

எட்டாவதோட நின்ன உனக்கு எதுக்குக்கா இந்தத் தலவலி?

உன் தம்பி,
கலைமணி


உடையார்பாளையம்
20.11.2023

தம்பி கலைமணிக்கு,

'அன்பு' என்ற சொல்லை இம்முறை எழுதவில்லை. மறதியன்று.

சிதம்பரத்திலிருந்து ஓர் அம்மையார், என் தளத்தில் எண்ணைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். தீபாவளிக்கு வாங்கிய பருப்பில் புழு நெளிந்ததாம். "காத்தாயின்னு பேரு வச்சிக்கிட்டுப் புழுத்ததை விக்கிறியே, அந்தச் சாமிக்கே அடுக்குமா?" என்று கேட்டார். விசாரித்தால், அவர் வாங்கியது உன் டாட் காமில். என் படங்கள், என் சொற்கள், வேறு எவரோ உடைத்த பருப்பு. நீ விற்றதற்காக நான் மன்னிப்புக் கேட்டு, என் பருப்பை விலையின்றி அனுப்பினேன். உன்னைக் காப்பாற்ற அல்ல. அம்மாவின் பெயரைக் காப்பாற்ற.

பத்தாவது பக்கம் என்றாய். தொடக்கத்தில் அப்படித்தான் கிடந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேடுபொறிக்காரர்களே வெளியிட்டுள்ள விளக்கங்களைப் படித்தேன். டாட் காம் என்பதற்காக எவரையும் அவர்கள் முன்வரிசையில் உட்கார்த்துவதில்லை. மக்கள் எதைக் கேட்கிறார்கள், அதற்கு அந்தப் பக்கத்தில் விடை இருக்கிறதா என்பதையே பார்க்கிறார்கள். ஆகவே, வாங்குவோர் என்னிடம் கேட்பதையெல்லாம் எழுதினேன். சுட்ட பருப்பில் கருக்கல் ஏன், பாயசத்துக்கு உடைசல் போதாதா, அடைமழையில் எதில் போட்டு மூடுவது. திருச்சியில் ஒரு சமையல் ஒப்பந்தக்காரர் தம் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார். பிறகு வேறு சிலரும்.

இப்போது உடையார்பாளையம் முந்திரி என்று தேடினால் முதலில் நான் வருகிறேன். எனக்குக் கீழே, என் வாக்கியங்களையே உடுத்திக்கொண்டு நீ வருகிறாய்.

என் முகப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'எங்களுக்குப் பெரம்பலூரிலோ வேறு ஊரிலோ கிளை இல்லை.' அதை எடுக்க மாட்டேன்.

வெற்றிச்செல்வி


பெரம்பலூர்
8.5.2024

அக்கா,

போனை எடுக்க மாட்டேங்கறே. அதான் நானும் தாளுக்கே வந்துட்டேன்.

மலர்க்கொடி பெரியவளானதை மாமாதான் சொன்னாரு, நீ சொல்லலை. இருந்தாலும் தாய்மாமன் இல்லாம சடங்கு செய்ய நீ நெனச்சாலும் முடியாது. தீபாவளிக்கு நடந்தது தப்புதான்க்கா. மூட்டையைப் பிரிச்சுப் பாக்காம வித்துட்டேன். அந்தத் தளத்தை மூடிட்டேன்.

சீர்த்தட்டுல பட்டு, கொலுசோட டாட் காமையும் ஒரு தாள்ல எழுதி வைக்கிறேன். உம்பேருக்கு மாத்துறதுக்கு உண்டானது எல்லாம் அந்தத் தாள்ல இருக்கும். மைக்ல சொல்லச் சொல்லிட்டேன். வந்த சீரைத் திருப்பக் கூடாது, தெரியுமில்ல?

ஆனா ஒண்ணு. கடையை டாட் காமுக்கே மாத்திடு. நிறுவனர்னு எம்பேரும் ஒரு ஓரமா இருக்கட்டும். நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்றது?

கலைமணி


உடையார்பாளையம்
2.6.2024

அன்புத் தம்பி கலைமணிக்கு,

சடங்கன்று உன்னோடு நின்று பேச ஆள்கூட்டம் விடவில்லை. நீ கேட்டதற்கு விடை எழுத்தில் இருப்பதே முறை.

மைக் பிடித்தவர் பட்டுப்புடவைக்கும் கொலுசுக்கும் நடுவே "டாட் காம் ஒன்று" என்று வாசித்ததும், அது எத்தனை பவுன் என்று பந்தி முடியும்வரை என்னைக் கேட்டார்கள். பவுனில் அடங்காது என்றேன். சபையில் வந்த சீரைத் திருப்பவில்லை. முறைப்படி பெற்றுக்கொண்டேன், பெயரையும் மாற்றிக்கொண்டேன்.

ஆனால் கடையை மாற்ற மாட்டேன். ஓராண்டாக மக்கள் என்னைத் தேடி வந்து கண்டுகொண்ட முகவரி டாட் இன். தட்டில் வேறொன்று வந்தது என்பதற்காக அதிலிருந்து குடிபெயர்வது, என்னைக் கண்டுபிடித்தவர்களுக்கு நான் செய்யும் அவமரியாதை. நிறுவனர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருக்கிறது. அதன் கீழே என் பெயர். மூன்றாவது பெயர் அங்கே வராது. நாலு பேர் கேட்டால், 'எங்க அக்கா கடை' என்று சொல். அதில் எனக்கு மானக்கேடு தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால், அதை நீதான் சுமக்க வேண்டும்.

சீரை மூலையில் போட்டேன் என்றும் எண்ண வேண்டாம். டாட் காம் என்று எவர் தட்டினாலும் நேரே டாட் இன்னுக்கு வந்து சேரும்படி செய்துவிட்டேன். நீ சொன்னது உண்மை, பலருக்குக் கை அங்கேதான் போகிறது. வரட்டும், எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

நீயும் ஒருமுறை தட்டிப் பார்.

உன் அக்கா,
வெற்றிச்செல்வி,
காத்தாயி முந்திரி, உடையார்பாளையம்.