பேரும் ஊரும்

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் மனைவி செல்வி இறந்துபோன ஆஸ்பத்திரிக்கு இன்று போய்வந்தேன். டாக்டரம்மா கூப்பிட்டிருந்தார். அப்போது அவள் இருந்த வார்டிலேயே இருந்த இன்னொரு செல்விக்குப் போட வேண்டிய ஊசியை இவளுக்குப் போட்டுவிட்டார்கள்; அதில்தான் போய்விட்டாள். அன்றைக்கே அதை மறைக்காமல் என்னிடம் சொன்னவர் அவர்தான்.

"அண்ணே, அதுக்கப்புறம் எல்லாரும் உக்காந்து பேசி ஒரு வழக்கத்த மாத்திட்டோம். நீங்களே பாருங்க" என்று வார்டுக்கு அழைத்துப்போனார்.

ஊசியோடு வந்த நர்ஸ் ஒரு பெண்ணிடம், "பேரும் ஊரும் சொல்லுங்கக்கா" என்றாள்.

"காலையிலதானே கேட்ட, அதுக்குள்ள மறந்துட்டியா தாயி?"

"மறக்கலக்கா. நீங்க வாயால சொன்னாத்தான் போடுவேன்."

"மாரியம்மா, வடமதுரை."

அதன்பிறகுதான் ஊசி போட்டாள். நல்ல காரியம்தான். டாக்டரம்மாவிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். சோறு இறங்கவில்லை.

செல்விக்கு மெதுவாகப் பேசவே வராது. யாராவது ஒரு தடவை கேட்டிருந்தால், "செல்வி, செம்பட்டி" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொல்லியிருப்பாள். அந்தக் குரலை இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது.