கடித்து வைத்த ரொட்டி

காரா-அர்ச்சா மலை
6 ஆகஸ்ட் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மெடெர் எழுதுவது. நலம். பன்னிரண்டு வருடம் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் கத்தித் தேய்ந்த தொண்டைக்கு இப்போதுதான் ஓய்வு. ஜூனிபர் மரங்களுக்கு நடுவே பழைய இடையர் குடிசை, ஓடைத் தண்ணீர், ஒரு அடுப்பு. இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. மாவும் உருளைக்கிழங்கும் பனி விழும்வரை தாங்கும். யாரையும் அண்டாமல் வாழ முடியும் என்று உன் தம்பி காட்டிவிட்டான். ஆகையால் எதையும் கொடுத்தனுப்பாதே. தயவுசெய்து நீயும் வந்து நிற்காதே. பால்வண்டி ஓமுர் கிண்டலடித்தால் சிரித்துவிட்டுப் போ.

உன் மெடெர்

எச்கிலி-சூ
14 செப்டம்பர்

என் செல்லத் தம்பிக்கு,

வராதே என்றாய், வந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஓமுரின் குதிரையை வாங்கிக்கொண்டு நேற்று மேலே ஏறினேன். அடுப்பு புகைந்துகொண்டிருந்தது, உன்னைக் காணவில்லை. விறகுக்குப் போயிருப்பாய்.

நேரில் சொல்ல வந்ததை எழுதுகிறேன். உன் மச்சான் இறந்த பிறகு இங்கே பிழைப்பு இல்லை. எல்லை தாண்டி, நோவோசிபிர்ஸ்க் நகரத்தில் ஓர் உணவு விடுதியில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பேருந்து. விலாசம் உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ரொட்டியில் ஒரு வாய் கடித்து, மீதியைத் துணியில் கட்டி உன் கதவு ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். நீ ராணுவத்துக்குப் போகும்போது கடித்ததை, மீதியைத் தின்ன நீ திரும்பி வருவாய் என்று அம்மா இரண்டு வருடம் காத்து வைத்தாளே, அப்படி வைத்திரு. திரும்பி வந்து மீதியை நான்தான் தின்ன வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, உன் குடிசையை விட்டால் எனக்குப் பிறந்த வீடு ஏது?

கீழே இறங்கியதும் ஓமுர் பிடித்துக்கொண்டான். "தவம் பண்றவரு ஒரு வாய் டீயாச்சும் குடுத்தாரா?" என்றான். "வயிறு முட்டக் குடுத்தான், போடா" என்றேன்.

அக்கா ஜிபார்

காரா-அர்ச்சா
21 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதத்தை ஓமுர் இன்றுதான் கொண்டுவந்தான். நீ போய் மூன்று நாளாகிவிட்டது.

நான் விறகுக்குப் போகவில்லை. நீ ஏறி வருவதைப் பார்த்தேன். "மெடெர், டேய், அக்கா வந்திருக்கேன்டா" என்று மூன்று முறை கூப்பிட்டாய். புதருக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தேன். மாவு தீர்ந்து எட்டு நாள் ஆகியிருந்தது, கிழங்கும் நாளுக்கு ஒன்றுதான். அத்தனை பீற்றிக்கொண்டு எழுதிவிட்டு, காலிப் பானையை உன் கண்ணில் காட்ட முடியவில்லை. வழிப்போக்கனைக்கூட ஒரு துண்டு ரொட்டி வாயில் படாமல் அனுப்பாத ஊரில் பிறந்தவன், கூடப் பிறந்தவளுக்குச் செய்தது இது.

நீ வளைவு தாண்டியதும் ஓடிவந்து துணியை அவிழ்த்தேன். வழியில் பசித்துக் கடித்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். அக்கா, முழுவதையும் தின்றுவிட்டேன். நின்றபடியே தின்றேன். எழுதவே கூசுகிறது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு முகமில்லை.

மெடெர்

நோவோசிபிர்ஸ்க்
12 அக்டோபர்

மெடெருக்கு,

உன் பூட்ஸ் இரண்டும் புதருக்கு வெளியே தெரிந்தன. கிட்டே வந்தால் நீ கூனிக் குறுகிப் போவாய் என்றுதான், "ஆள் இல்ல போல" என்று குதிரையிடம் உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரொட்டி போகட்டும். பசித்தவன் தின்றான். மலையை விட்டு இறங்கு என்றும் நான் சொல்லமாட்டேன், அங்கே இருப்பது உனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் திரும்பி வரும்போது வாசலில் நின்று கூப்பிட்டால் எழுந்து வருவாயா? அதை மட்டும் எழுது. அதற்குப் பிறகு ஊருக்குச் சீட்டு எடுப்பதா என்று யோசிக்கிறேன்.

அக்கா