வெதுவெதுப்பான தண்ணீர்

ஒரகடம்,
12-11-1966

அன்புள்ள புஷ்பம்,

ஆஸ்பத்திரியில் உனக்கு ரத்தம் ஏற்றியதாக உன் அண்ணன் தாமஸ் சொன்னார். கொடுப்பதைச் சாப்பிடு. மூக்கைச் சுளிக்காதே.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளையை மழையில் உன்னோடு லாரியில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னது நான்தான். கோழி வியாபாரிக்குத் தெரியும், குஞ்சுக்குத் தீனியைவிடச் சூடுதான் முதலில். சட்டையைக் கழற்றிவிட்டு மார்பிலேயே போட்டுக்கொண்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். நீ பீய்ச்சி அனுப்பிய பாலைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். சப்பினாள்.

என் தங்கை சவரியம்மாள்தான் விடவில்லை. “இன்னாண்ணா, ஞானஸ்நானம் குடுக்காம வச்சிகினு கீறியே? சாமியாரக் கூட்டியாரட்டா?”

“தலையில தண்ணி பட்டா சில்லுனு ஆயிடும் சவரி. மொதல்ல சூடு ஏறட்டும். உன் சாமியாரு எங்கியும் ஓடிட மாட்டாரு” என்றேன்.

நேற்று பாதம் சில்லிட்டது. தேய்த்தேன், வாயால் ஊதினேன், செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தேன். சூடு ஏறவில்லை. சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. நானே தண்ணீரைக் காய்ச்சி, என் இமையில் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக அவள் தலையில் ஊற்றினேன். நீ நினைத்து வைத்திருந்த பெயர்தான், செசிலி. குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டும் அவள்மேல் படவில்லை.

கம்பளியை இன்னும் நான் எடுக்கவில்லை. சவரி திட்டுகிறாள்.

தாமஸிடம் இனிமேல் பால் கொடுத்தனுப்ப வேண்டாம். மார் கட்டிக்கொண்டால் நர்சம்மாவிடம் சொல். வர அவசரப்படாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்